கம்பெனிப் பெட்டி வேண்டாம் என்றவர்

என் வீட்டுக்காரர் நஞ்சப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை போடும் ஆசை வந்தது. சிரிக்காதீர்கள். முதலில் நானும் சிரித்தேன். பிறகு கோபப்பட்டேன். அந்த ஆசை எதற்காக என்று அதற்கப்புறம்தான் புரிந்தது.

கோத்தகிரி பக்கம் அரவேணுவில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவர் டீ மேக்கராக இருந்தார். பச்சை இலை உள்ளே வந்து, வாடி, அரைபட்டு, டிரையரின் சூட்டில் காய்ந்து, தூளாகி, மூட்டையில் ஏறுகிற வரை எல்லாம் அவர் பொறுப்பு. இலைக்கும் தூளுக்கும் விலை விழுந்துகொண்டே போக, ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது, பிறகு நினைத்தபோது ஓடியது, கடைசியில் கேட்டில் பூட்டு தொங்கியது. வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கும் கொஞ்சம் தேயிலை உண்டு. இலையை விற்றால் பறிக்கிற ஆளுக்குக் கூலி கொடுக்கக்கூடக் காணவில்லை என்பதால் பறிப்பதையே விட்டுவிட்டோம். பறிக்காமல் விட்ட தேயிலை சும்மா இருக்காது, மரமாக வளரும். எங்களுடையது என் தோளுக்கு மேலே போய்விட்டது.

அந்தத் தோட்டத்தை வைத்துத்தான் வீட்டில் சண்டை வந்தது. எங்களுக்கு ஒரே பையன், சரத். இதை யாருக்காவது கொடுத்துவிட்டு மூன்று பேரும் கோயமுத்தூர் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்றான். போகிறவன் போகலாம் என்றார் இவர். அவன் நிஜமாகவே போய்விட்டான். அங்கே ஒரு ஆபீசில் வேலை, இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு ரூம். அன்றிலிருந்து அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு வந்தால்கூட ஒருவர் ஹாலில் இருந்தால் இன்னொருவர் சமையலறையில் இருப்பார். பேச்சு வார்த்தை எல்லாம் என் வழியாகத்தான். ‘உன்ற மகன்’ என்பார் இவர். ‘உங்க வூட்டுக்காரர்’ என்பான் அவன். இரண்டு பேருக்கும் உறவு முறையே மறந்துபோயிருந்தது.

ஃபேக்டரி மூடிய பிறகு இவர் வாயே திறப்பதில்லை. பின்பக்க ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தத் தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டில் உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

இந்த மனுஷன் ஒருநாள் கோத்தகிரி பஜாருக்குப் போனுக்கு ரீசார்ஜ் பண்ணப் போனார். ஜாகீர் கடை. செல்போன் விற்பான், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பான், சரத்தோடு படித்தவன். மழை பிடித்துக்கொண்டதால் கடையிலேயே உட்கார வைத்து, பொழுது போக ஒரு கேமைப் போட்டுக் கையில் மவுஸைக் கொடுத்திருக்கிறான். அன்று சாப்பிடும்போது இவர் பேசினார். சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுட வேண்டுமாம், ஓடும்போது சுட்டால் குறி தப்புமாம். மறுநாளும் பஜாருக்குப் போனார். அதற்கு மறுநாளும்.

வேலை போன மனுஷனுக்குச் சூதாட்டம் மாதிரி ஒன்றைப் பழக்கிவிட்டானே என்று ஜாகீரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று பஸ் ஏறினேன். அவன் கடைக்கு வெளியே வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அம்மா, சரத்தும் இந்த கேம்தான் ஆடறான். அவன் அங்கிருந்து, நாம இங்கிருந்து சேந்து ஆடலாம், ஆடிட்டே பேசலாம்னு அப்பாகிட்ட ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னைலருந்துதான் தெனமும் வர்றாங்க.”

கொண்டுபோன திட்டையெல்லாம் விழுங்கிக்கொண்டு திரும்பினேன். போனை எடுத்து ‘என்னடா பண்றே’ என்று கேட்டால் முடிகிற காரியம். அதைச் செய்ய முடியாமல் இந்த ஆள் இந்த வயதில் துப்பாக்கி பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வீட்டுக்கு வந்ததும், ஒரு கம்ப்யூட்டர் நாமே வாங்கிவிடலாமே என்று நானே ஆரம்பித்து வைத்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதில்தான் அடுத்த சண்டை. கடையில் முழுசாக வருகிற கம்பெனிப் பெட்டியை வாங்குவதா, சாமானைத் தனித்தனியாக வாங்கி நாமே அசெம்பிள் பண்ணுவதா? போனில் நான் கேட்டதும் சரத் கம்பெனிப் பெட்டிதான் என்றான். வாரன்ட்டி இருக்கும், கெட்டுப்போனால் ஆள் வருவான், மலைமேல் உட்கார்ந்துகொண்டு யாரைத் தேடுவீர்கள் என்றான். வேண்டுமானால் தானே வாங்கி அனுப்புவதாகவும் சொன்னான். நான் அதை அப்படியே இவரிடம் சொன்னேன்.

“பாக்கெட்டுல போட்டு ஒட்டி வர்றதுக்குள்ள என்ன கெடக்கும்னு எனக்குத் தெரியாதா தங்கமணி? முப்பது வருசம் பாக்கெட்டுக்குப் போற தூளைப் பாத்தவன் நானு. மேல பளபளன்னு பேரு இருக்கும், உள்ள கூட்டிப் பெருக்கினது இருக்கும். உன்ற மகனுக்குச் சொல்லிப்போடு, எதுவா இருந்தாலும் கண்ணால பாத்துக் கையால போட்டாத்தான் எனக்கு நம்பிக்கை.”

சொல்லிப்போட்டேன். அவன் எப்படியோ போகட்டும் என்று போனை வைத்தான். அரிசி களைந்து முடிப்பதற்குள் திரும்பக் கூப்பிட்டான். எஸ்.எம்.பி.எஸ் மட்டும் மலிவானதாக வாங்கிவிட வேண்டாமாம், கரண்ட் போய்ப் போய் வருகிற ஊராம். எஸ்.எம்.பி.எஸ் என்றால் என்ன என்று எனக்கு என்ன தெரியும்? மனப்பாடம் செய்து கொண்டுபோய்ச் சொன்னேன். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்படியானால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

அப்படி ஆரம்பித்து அந்த மாதம் முழுக்க என் பிழைப்பு அதுதான். பிராசஸர் இதுவா அதுவா, ராம் ஒன்றா இரண்டா, மதர்போர்டில் இடம் இருக்குமா? குழாயடியில் நின்று போனில் நான் பேசுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சாந்தாமணி என்னை ஏதோ வேலையில் சேர்ந்துவிட்டவள் மாதிரி பார்த்தாள். இவர் ஒன்றைக் கேட்பார், அவன் பதில் சொல்வான், அது தப்பு என்பார், அவன் கோபப்படுவான். இரண்டு பேர் கோபமும் என் தலையில்தான் விடியும். நடுநடுவே நான் சொந்தச் சரக்கும் சேர்த்துவிடுவேன். இவர் ‘அவனுக்கு என்ன தெரியும்’ என்றால், ‘அப்பா யோசிக்கறேன்னாங்க’ என்று போய்ச் சேரும். அதற்கெல்லாம் நான் வருத்தப்படுகிறவள் இல்லை.

சாமான்கள் ஒவ்வொன்றாக ஜாகீர் கடைக்கு வந்து சேர்ந்தன. இவர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வேட்டி விரித்து, கை கழுவி, ஃபேக்டரிக்குள் நுழைகிற மாதிரி செருப்பை வெளியே விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். ஜாகீர் பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சொன்னான். திருகாணி ஒவ்வொன்றும் இவர் கையால் ஏறியது. சுவிட்சைத் தட்டியதும் திரையில் வெளிச்சம் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு மழை இறங்கியது. எங்கள் ஊர் மழை மேலிருந்து மட்டும் வராது. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து துவைத்த துணியில் உட்கார்ந்துகொள்ளும், தீப்பெட்டி நமுத்துப்போகும். அந்த ஈரத்தில்தான் பெட்டி தகராறு பண்ண ஆரம்பித்தது. போட்டால் ஓடும். கேமைத் திறந்து கொஞ்ச நேரம் ஆடினால் படக்கென்று அணைந்துவிடும். ஜாகீர் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் போயிருந்தான், போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி நான் சரத்தைக் கூப்பிட்டேன்.

ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டான். ஓடுகிறது என்றார். ஒயர் ஏதாவது கழன்றிருக்கிறதா? இல்லை. வேறு ஏதாவது செய்தாரா? ஒன்றும் செய்யவில்லை. அவன் பெருமூச்சு விட்டு, அன்றைக்கே கம்பெனிப் பெட்டி வாங்கச் சொன்னேனே, கேட்டாரா என்றான். அதை மட்டும் நான் இவரிடம் சொல்லாமல் விட்டிருப்பேன். ஆனால் போனில் அவன் சத்தம் இவர் காதிலேயே விழுந்துவிட்டது.

இவர் எழுந்தார். அந்தச் சனியனைத் தூக்கிப் பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்காரனிடம் போடச் சொன்னார். ஜன்னல் ஓரம் போய், பழைய நாற்காலியில், பழைய மாதிரியே தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தன் கையும் தன்னை ஏமாற்றிவிட்டது என்கிற முகம். திரும்பவும் பேச்சே இல்லாத அந்த நாட்களுக்குள் இவர் இறங்குகிறார், இந்தத் தடவை மேலே வரமாட்டார் என்று தோன்றியது.

பயம் எனக்குள் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தப் பெட்டியின் தலையில் வைத்தேன்.

“இத பாருங்க, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன். இனி என்ற வாயில இருந்து ஒரு வார்த்தை அங்கயும் போவாது, இங்கயும் வராது. பேசறதுன்னாப் பேசுங்க. இல்லீன்னா ரெண்டு பேரும் இப்புடியே இருந்து செத்துப்போங்க.”

சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். பிறகு சத்தம் இல்லாமல் கதவோரம் வந்து நின்றேன். போனை வைத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தபோது அவன் குரல் வந்தது.

“அப்பா... பொட்டி மேல கை வெச்சுப் பாருங்க. சுடுதுங்களா?”

நாற்காலி நகர்ந்தது.

“சுடுது.”

“பின்னால காத்து வருதுங்களா?”

“எப்புடி வரும்? ஓட்டையெல்லாம் அடச்சிருக்கேனே.”

எட்டிப் பார்த்தேன். பெட்டியின் பக்கவாட்டிலும் பின்னாலும் இருந்த ஓட்டைகள் அத்தனையையும், தூள் மூட்டைக்குள் வைக்கிற அலுமினியத் தாளை வெட்டி வைத்து, டேப் போட்டு ஒட்டியிருந்தார். எவ்வளவு நேர்த்தி தெரியுமா, ஒரு சுருக்கம் கிடையாது. எப்போது செய்தார் என்று எனக்கே தெரியாது.

ஏன் அப்படிச் செய்தார் என்று அவன் கேட்டான். மழைக்காலத்தில் ஈரக் காற்று பட்டால் சரக்கு கெட்டுப்போகும், அடைத்து வைக்காமல் என்ன செய்வது என்றார் இவர். காய்ந்த தூளில் ஈரம் ஏறிவிடக் கூடாது என்று ஆயுள் முழுக்கக் காவல் காத்தவர். தூளுக்குச் செய்ததையே இதற்கும் செய்திருக்கிறார். ஒன்றும் செய்யவில்லை என்று அவர் சொன்னதும் பொய் இல்லை. இதையெல்லாம் அவர் செய்கை என்றே நினைக்க மாட்டார், வாசற்கதவைச் சாத்துகிற மாதிரி.

அவன் சிரிப்பான் என்று பயந்தேன். அவன் சிரிக்கவில்லை.

“தூளுன்னா அடைக்கோணுங்கப்பா. இது டிரையருங்க. டிரையர்ல வெளிய போற காத்தை அடச்சா என்னாவும்?”

“தீப்புடிச்சுக்கும்,” என்றார். பிறகு மெதுவாக, “அட,” என்றார்.

டேப் கிழிகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பெட்டி ஆறட்டும் என்று காத்திருந்த நேரத்தில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். என் வழியாக இல்லாமல் நேருக்கு நேர். கம்பெனிப் பெட்டியாக இருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது என்றான் அவன். கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் அடைத்திருப்பேன், அப்போது வாரன்ட்டியும் போயிருக்கும் என்றார் இவர். அதற்கு மட்டும் அவன் சிரித்தான். இவரும் சிரித்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் இரண்டு பேரும் ஆட உட்கார்ந்துவிடுவார்கள். அவன் அவனுடைய ரூமில், இவர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இங்கே. காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வதால் அவன் பேசுவது எனக்குக் கேட்காது. இவர் பேசுகிற பாதிதான் எனக்கு. ‘பின்னால வா’, ‘குனி’, ‘அவன உடு’. ஊரைப் பற்றியோ வேலையைப் பற்றியோ தோட்டத்தைப் பற்றியோ ஒரு சொல் வராது. அது போதும் என்றுதான் நானும் இருந்தேன்.

ஒரு ஞாயிறு, மழை விட்டிருந்தது. முறுக்குத் தட்டை அவர் பக்கத்தில் வைக்கப் போனேன். திரையில் இரண்டு பேர் ஒரு இடிந்த வீட்டுக்குள் நின்றார்கள். ஆட்டம் எதற்கோ நின்றிருந்தது போல, இவர் கை மவுஸில் இல்லை. ஜன்னல் வழியாக வெளியே, வளர்ந்து மரமாகி நிற்கிற தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியாது.

“சரத்து,” என்றார். “நீ அன்னைக்குக் கெளம்பிப் போனது தப்பில்ல சாமி. நாந்தான் சொல்லத் தெரியாம இருந்துட்டேன்.”

நான் தட்டோடு அப்படியே நின்றேன். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, ஒன்றும் சொல்லவில்லையோ, எனக்குக் கேட்க வழியில்லை. இவர் ஹெட்போனைக் கையால் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்தார். பிறகு மவுஸை எடுத்தார்.

“சரி, சரி, அழுவாத கண்ணு. எடது பக்கம் பாரு, ஒருத்தன் வர்றான்.”