என்ன முறை

பிரீசர் பெட்டியின் ஒயரில் யாரும் இடறிவிடக் கூடாதென்று பெருமாள் ஒயரை மறுபடியும் சுவரோரம் தள்ளினார். பெட்டிக்குள் அவர் மனைவி பார்வதி. காலையிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியை இழுப்பார், டீக் கேனைத் தூக்கிப் பார்ப்பார், பனிமூட்டம் விலகியதா என்று வாசலுக்குப் போவார்.

"செத்த நேரம் உக்காருங்கண்ணா," என்றாள் தங்கை லட்சுமி.

பார்வதியும் ஆயுசெல்லாம் இதைத்தான் சொன்னாள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் எப்படிப் பேசுவதென்று ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. வகுப்புக்கு முன்னால் சமையலறையில் ஒத்திகை நடக்கும். ஊரார் வேடம் பெருமாளுக்கு. "அந்த நேரத்துல உனக்கு அங்க என்ன வேல?" என்று அவர் கேட்கிற தினுசில் பார்வதிக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆலோசகர் வேடத்தில் மட்டும் அவர் தேறவே இல்லை. "எதுவும் கேக்காம பக்கத்துல சும்மா உக்காருங்க," என்பாள். மறுநொடியே வாயைத் திறந்துவிடுவார்.

மாரமங்கலம் பஸ் நின்று போனதும் ஒரு இளம்பெண் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குத் தள்ளியே நின்றாள். பார்வதியிடம் பயிற்சிக்கு வந்தவளா, ஆறுதல் தேடி வந்தவளா, பெருமாளுக்குத் தெரியாது. அப்படி வந்த ஒருத்தி பேரையும் பார்வதி வீட்டில் சொன்னதில்லை.

லட்சுமி கட்டிக்கொண்டு அழக் கைகளை நீட்டினாள். அந்தப் பெண் சட்டென்று பின்வாங்கினாள். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு கண்ணு நீ? எந்த ஊரு? அண்ணிய எப்படித் தெரியும்?"

அந்தப் பெண்ணின் கண் செருப்பைத் தேடியது. பெருமாள் அதைக் கவனித்தார். பார்வதியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடுவாள்.

"நம்மூட்டுப் பொண்ணுதான், உடு."

"எனக்குத் தெரியாம யாருண்ணா? என்ன முறை?"

"மக முறை."

பெருமாளுக்கும் பார்வதிக்கும் குழந்தையில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். லட்சுமி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். நகர்ந்து வழிவிட்டாள்.

"மக முறைன்னா வாய்க்கரிசி போடோணுமுங்களே," என்றார் சடங்கு செய்ய வந்த சித்தன்.

பெருமாள் அரிசித் தட்டை எடுத்துப்போய் எட்டவே நின்று நீட்டினார். "போடறயா கண்ணு? வேண்டாம்னாலும் செரி."

அவள் ஒரு பிடி அள்ளினாள். சித்தன் பெட்டி மூடியைத் திறக்க, பார்வதியின் உதட்டில் போடும்போதுதான் அழுகை வெடித்தது.

பிறகு சுவரோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒரு நாற்காலி இடம் விட்டுப் பெருமாளும் உட்கார்ந்தார். பேரென்ன என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"வண்டி வந்துருச்சு, எந்திரிங்கண்ணா," என்றாள் லட்சுமி.

"செத்த இரு," என்றார் பெருமாள்.