ஐம்பத்தாறில் அறுபத்தேழு

வகுப்புக்கு ஒரு கணக்கையாவது ஃபைஸா வேண்டுமென்றே தப்பாகப் போடுவாள். கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு அன்று வீட்டுக்கணக்கு கிடையாது. அந்த ஆசையில், மத்தியானம் தயிர்சாதம் தின்றுவிட்டுச் சொக்குகிற பிள்ளைகள்கூடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பார்கள்.

கூடுவாஞ்சேரியிலிருந்து ரயில் பிடித்து அவள் தினமும் வருகிற இந்தச் செங்கல்பட்டுக் கல்லூரியில் அவளுக்குத் தற்காலிக வேலைதான். வருடக் கடைசியில் துறைத்தலைவர் காசிநாதன் வந்து ஒரு வகுப்பை முழுசாகப் பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடமும் வேலை உண்டு. போன வருடம் ஒருவருக்குப் போடவில்லை, அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ!

அன்று காசிநாதன் நோட்டுப் புத்தகத்தோடு கடைசி பெஞ்சில், அரசுவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அரசு மாமல்லபுரம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பையன். வாய் சும்மா இருக்காதவன், அன்று கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

இன்று விளையாட்டு வேண்டாம் என்று ஃபைஸா முடிவு செய்தாள்.

"பையில அஞ்சு சிவப்புப் பந்து, மூணு கறுப்புப் பந்து. ஒண்ணை எடுத்து வெளியே வெச்சுட்டு இன்னொண்ணு எடுக்கறோம். ரெண்டும் சிவப்பா வர நிகழ்தகவு என்ன?"

பதற்றத்தில், பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டாள். ஐம்பத்தாறில் அறுபத்தேழு என்று விடை வந்தது.

"சரியா?"

"சரி மேடம்!" என்றது மொத்த வகுப்பும்.

இத்தனை மரியாதை என்றைக்கும் இருந்ததில்லையே என்று திரும்பி, பலகையில் போட்ட விடையைப் பார்த்தாள். நிச்சயம் நடக்கப்போகிற காரியத்துக்கே நிகழ்தகவு ஒன்றுதான். இவள் பந்துகள் அதையும் தாண்டிப் போய்விட்டன. அணுபுரத்திலிருந்து வருகிற தேவிப்பிரியா ஒரு தப்பையும் விட்டதில்லை. அவளைக் கேட்டாள்.

"கரெக்ட்தான் மேடம்" என்று தேவிப்பிரியா மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

டஸ்டரால் சத்தமில்லாமல் துடைத்துவிடலாம். ஆனால் அவளுக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பாசமும் வந்தது.

"இது விளையாட்டுக்குப் போட்டதில்ல. நிஜமாவே தப்பு. தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அரசு எழுந்தான். "சாரு கீறப்போ சொன்னா உங்க வேலைக்கு வேட்டு வெச்சுடுவாருன்னுதான் மேடம் கம்முனு இருந்தோம்."

"என் வேலையை நீங்க காப்பாத்த வேணாம். கணக்கைக் காப்பாத்துங்க."

"அப்போ இன்னொண்ணும் சொல்லிட்றேன், கோச்சுக்காதீங்க. சாரும் அத்தையே எழுதி வெச்சுகினு கீறாரு மேடம். டிக்கு வேற போட்டுகீறாரு!"

காசிநாதன் சட்டென்று நோட்டை உள்ளங்கையால் மூடினார். பிறகு தேவிப்பிரியா தாங்க முடியாமல் களுக்கென்று சிரித்தாள். வகுப்பே அவளோடு சேர்ந்துகொண்டது. காசிநாதனின் காது சிவந்துவிட்டது. ஃபைஸா உதட்டைக் கடித்துக்கொண்டு பெருக்கல் குறி போட்டுப் பதினாலில் ஐந்து என்று முடித்தாள்.

மணி அடித்ததும் காசிநாதன் மதிப்பீட்டுத் தாளில் வேகமாக எதையோ எழுதி அவளிடம் நீட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமலே வெளியேறினார். கீழே கையெழுத்து இருந்தது. குறிப்பு என்ற இடத்தில், 'மாணவர்கள் தவறைத் தயங்காமல் சுட்டிக்காட்டுகிறார்கள்' என்று எழுதியிருந்தார்.

யாருடைய தவறை என்று எழுதவில்லை. ஃபைஸாவும் கேட்கப் போகவில்லை.