பக்கிள் தைத்த இரண்டாவது வார்

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தொழிற்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. பக்கிள் என்றால்தான் தெரியும். இடுப்பு பெல்ட், தோள்பை, கருவிப் பை என்று வார் வைத்த சாமான் எதுவானாலும் முதல் மாதிரியை வெட்டித் தைத்துக் கொடுப்பது முப்பத்தோரு வருடமாக அவர்தான். அவர் தைத்த வார் விட்டுப்போச்சு என்று இதுவரை யாரும் வந்து நின்றதில்லை. அந்த விஷயத்தில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதுவும் இல்லாதவருக்கு அதாவது இருக்க வேண்டாமா?

வேறு எதுவும் இல்லை என்று நான் சும்மா சொல்லவில்லை. மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊரின் மறுகோடியில் அவர்கள் கொடுத்த குடியிருப்பில் இருக்கிறாள். அந்த வேலையில் சேரப்போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது அம்மா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "நீயும் போய்த் தொலை. நான் ஒருத்தன் தனியா கெடந்து சாகுறேன்" என்று சொல்லிவிட்டார். பயத்தில் வந்த பேச்சுதான். வாயை விட்டுப் போன பிறகு அது பயமா கோபமா என்று யார் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? அவள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வரும். சாப்பிட்டியாப்பா, சாப்பிட்டேம்மா, உடம்பு எப்படி, இருக்கேன், சரி வைக்கிறேன். மொத்தம் இரண்டு நிமிடம். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்த வீட்டில் வெளியே பார்த்தால் இரண்டுமே கல்தான்.

தன் கையே தனக்குதவி என்பது அவருடைய வேதவாக்கு. வீட்டுக்குள் நுழைந்து பார்த்தாலே தெரியும். முதுகில் தைலம் தேய்க்க, நீளக் குச்சியின் நுனியில் பஞ்சு கட்டி வைத்திருக்கிறார். புட்டியை ஒரு கையால் திறப்பதற்கு அலமாரி விளிம்பில் ரப்பர் ஒட்டிய ஒரு கவ்வி. படுக்கையறைச் சுவரில் ஓர் ஆள் உயரத்தில், இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு இடைவெளிவிட்டு, இரண்டு கிளிப்புகளை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். எதற்கு என்கிறீர்களா? போர்வை மடிக்க. ஒரு பக்கத்து முனைகளைச் சுவரில் மாட்டிவிட்டு, மறுபக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரே போய் நின்று மடிப்பார். மனைவி இருந்தவரை அந்தப் பக்கம் அவள் நிற்பாள், மடிக்கும்போது வேண்டுமென்றே வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்து இவரைத் தடுமாற வைப்பாள். கிளிப் அப்படியெல்லாம் செய்யாது. முதல் தடவை அதில் சுருக்கமில்லாமல் மடித்து முடித்த அன்று, பக்கிள் தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் இரண்டு நிமிடத்தைத் தாண்டியது. மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: ஒரு கிடங்கில் தீ, புகைக்குள் தவழ்ந்து போகும்போது பெல்ட்டில் தொங்கிய விளக்கு ஓர் இரும்பு அலமாரியில் மாட்டிக் கொக்கி விட்டுப் போய்விட்டது, கும்மிருட்டு, முன்னால் போன கூட்டாளியின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டே பதினோரு நிமிடம் தவழ்ந்து வெளியே வந்தேன், முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். இவர் காதில் விளக்கு விழுந்தது மட்டும்தான் விழுந்தது. பூட்ஸ் விழவில்லை. அந்தக் கொக்கியை எந்த மடையன் செய்தான் என்று கேட்டார். அவளுக்கு எப்படித் தெரியும்? "நான் ஒண்ணு தச்சுத் தரட்டுமா?" என்றார். நிலைய அதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

நான்கு வருடத்தில் அவள் இவரிடமிருந்து வாங்கிக்கொள்ளச் சம்மதித்த முதல் சாமான் அதுதான். மனிதர் விடுவாரா? வேலை முடிந்து வந்ததும் சாயங்காலம் முழுக்க அதே வேலை. சூட்டில் உருகாத நாடாவைத் தேடிப் பிடித்தார். விளக்கைத் தொங்கவிடும் வாரை பெல்ட்டைச் சுற்றி இரண்டு மடிப்பாக வளைத்து, பூட்டை உள்பக்கமாக, உடம்போடு ஒட்டி வைத்தார். வெளியே எது உரசினாலும் மாட்டினாலும் பூட்டைத் தொடவே முடியாது. கழற்ற வேண்டுமானால் அணிந்தவர் தன் கட்டைவிரலை பெல்ட்டுக்கும் இடுப்புக்கும் நடுவே விட்டு மேல் பக்கமாக ஒரு நெம்பு நெம்ப வேண்டும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு நெம்பிப் பார்த்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தார். வாரில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் குலுக்கினார். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தார், தினமும் முப்பது தடவை. கீழ் வீட்டம்மா மாடிப்படியில் நிறுத்தி, "சார், வீட்ல பெருச்சாளி எதுவும் பூந்துடுச்சா?" என்று கேட்டார். ஆமாம், ஒன்று இருக்கிறது, பிடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை நிலையத்து முற்றத்தில் சோதனை. அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சலவைச் சட்டையில் போனார். மகள் சீருடையில் நின்றாள். இளைத்திருந்தாள், இவர் ஏன் என்று கேட்கவில்லை. நிலையத்து ஆட்கள் அவளுக்கே வாரை மாட்டி, ஏணியில் ஏற்றினார்கள், குழாய்க்குள் தவழவிட்டார்கள், தண்ணீரைப் பீய்ச்சினார்கள். இரண்டு பேர் விளக்கைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தார்கள். வார் அசையவில்லை. அவளே விரலை விட்டு நெம்பினாள், டக்கென்று கையோடு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பக்கிள் தரையைப் பார்த்து நின்றார், சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

அப்புறம் நிலைய அதிகாரி மகளைக் குப்புறப் படுக்கச் சொன்னார். சுற்றி நின்றவர்களிடம், "இவங்க மயங்கிட்டாங்க. இழுத்துட்டு வெளிய வரணும். விளக்கு எங்கயாவது மாட்டும், முதல்ல அதக் கழட்டுங்க" என்றார்.

அவளுடைய கூட்டாளி, நல்ல ஆஜானுபாகுவான ஆள், மண்டியிட்டுத் தடவினார். பூட்டு எங்கே என்றே கைக்குப் பிடிபடவில்லை. பொறுமை போய் இழுத்தார். வாரோடு சேர்ந்து அவளும் ஓர் அடி இழுபட்டாள். நம் மனிதருக்கு அப்போதும் ஒரு விநாடி, வார் விடவில்லையே என்று பெருமையாக இருந்தது பாருங்கள். பிறகுதான் சுரீரென்றது. தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தானே மண்டியிட்டார். தன் இடுப்பில் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றிய வார். அவள் இடுப்பில் எல்லாம் தலைகீழாக இருந்தது. மேல் எது, கீழ் எது என்று கட்டைவிரலுக்குப் புரியவில்லை. அவள் உடம்பின் கனத்தில் பெல்ட் இறுகிக் கிடந்தது. அவள் அசையாமல் நன்றாகத்தான் நடித்தாள். நடிப்பென்று தெரிந்தும் அவர் பாப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டார். ஒன்றரை நிமிடம் ஆனதும் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தொட்டார்.

"சார், வேலை சுத்தம், குறையே சொல்ல முடியாது. ஆனா இது தனி ஆளுக்குத் தச்சது. நாங்க யாரும் தனியா உள்ள போறதில்ல, ரெண்டு ரெண்டு பேராத்தான் போவோம்."

அடுத்த வியாழக்கிழமைக்குள் மாற்றிக் கொண்டுவந்தால் இன்னொரு தடவை பார்க்கிறோம், இல்லாவிட்டால் பழைய கொக்கிக்கே இன்னொரு வருடத்துக்கு எழுதிப்போட்டு விடுவோம் என்றும் சொன்னார். மகள் வாசல் வரை கூட வந்தாள். விடுங்கள் அப்பா, பழைய கொக்கியே போதும், நான் சமாளித்துக்கொள்கிறேன் என்றாள். அந்த அலமாரியும் கும்மிருட்டும் இவர் கண்முன்னே வந்தன. பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்து கொடியிலிருந்து போர்வையை எடுத்தார். முனைகளைக் கிளிப்பில் மாட்டினார். எதிரே போய் நின்றவர் நின்றபடியே நின்றார். தைலக் குச்சி, புட்டிக் கவ்வி, இந்தக் கிளிப். நான்கு வருடமாக அவர் செய்தது எல்லாம் ஒரே ஓர் ஆளுக்கு. அடுத்தவர் கை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்த மறதியைத்தான் வாராகத் தைத்துப் பெற்ற மகள் இடுப்பில் கட்டியிருக்கிறார். "எனக்கு யாருமே இல்ல" என்று வாய்விட்டே சொன்னார். அதைக் கேட்கவும் யாரும் இல்லை. அன்றைக்குப் போர்வையை மடிக்காமலே கட்டிலில் போட்டுவிட்டார்.

மறுநாள் தொழிற்கூடத்தில் பள்ளிப் பை ஒன்று மேசைக்கு வந்தது. பக்கவாட்டில் நீட்டிய இரண்டு காதையும் சேர்த்து அமுக்கினால் கழலும் சாதாரண பிளாஸ்டிக் பக்கிள். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று அவர் ஏறெடுத்தும் பார்க்காத சாமான். அன்றைக்கு அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கதவு இழுக்கும், கம்பி இழுக்கும், அலமாரி மூலை இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்குவது எதுவும் கிடையாது, மனுஷன் கையைத் தவிர. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். பட்டப்பெயரே பக்கிள், வெட்கக்கேடு!

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டாவது வார் தயார். பூட்டு உலோகத்தில், வெளிப்பக்கம். கையுறைக்குத் தோதாகக் காது இரண்டும் பெரிது. அணிந்தவர் கைக்கும் பின்னால் வருகிறவர் கைக்கும் ஒரே மாதிரி அகப்படும். மணல் மூட்டை, குலுக்கல், கட்டிலடி எல்லாவற்றிலும் தேறியது. தலையணைக்கு பெல்ட்டைக் கட்டிக் குப்புறப் போட்டுக் கழற்றினார், சுலபமாக வந்தது. வராமல் என்ன, தைத்த கைக்குத் தெரியாதா தையல்? இப்போது வேண்டியது தெரியாத கை. படுத்துக் கிடக்க இவர், கழற்ற இன்னொருவர். தொழிற்கூடத்து ஆட்கள் ஒவ்வொருவராக மனதில் வந்தார்கள். முப்பத்தோரு வருடத்தில் வீட்டுக்கு வா என்று இவர் ஒருவரைக்கூடக் கூப்பிட்டதில்லை. கீழ் வீட்டம்மாவிடம் போய், வந்து என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றுங்கள் என்று கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் போனை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் அப்பாவின் போன் என்றதும் அவள் பதறிவிட்டாள். "என்னப்பா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல பாப்பா. ஒரு வேலை இருக்கு. தனியா செய்ய முடியல."

அந்த மூன்றாவது வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு என்ன பாடுபட வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எப்போது வரட்டும் என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் வந்தாள், கையுறையும் எடுத்துக்கொண்டு. இந்த வீட்டு வாசலை மிதித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. படுக்கையறைக்குள் வந்தவள் சுவரில் இருந்த கிளிப்புகளைப் பார்த்து, இது எதற்கு என்றாள். போர்வை மடிக்க என்றார். கிளிப்பில் ஒன்றை விரலால் திறந்து மூடிப் பார்த்தாள். கட்டிலில் ஆறு நாளாக மடிக்காமல் கிடந்த போர்வையையும் பார்த்தாள்.

பக்கிள் பெல்ட்டைக் கட்டி, வாரையும் விளக்கையும் மாட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தார். பூட்டு எப்படிக் கழலும் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. அவள் கையுறையை மாட்டி, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டாள். முதலில் தோளில் கை பட்டது. அங்கிருந்து முதுகு வழியாகத் தடவிக்கொண்டே இடுப்புக்கு வந்தது. குச்சியும் பஞ்சும் தவிர நான்கு வருடமாக எதுவும் படாத முதுகு. காதுகள் அகப்பட்டன, அமுக்கினாள். டக்.

"நாலே செகண்டுப்பா!" என்றாள்.

"பூட்டு லேசா சிக்குன மாதிரி இருந்துச்சு," என்றார் தரையில் முகத்தை வைத்தபடி. "இன்னொரு தடவ பாரு."

மறுபடி மாட்டினாள். மறுபடி தோள், முதுகு, இடுப்பு, டக். இடது கையால் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். தலைப்பக்கம் இருந்து வந்தால் எப்படி என்றார். சுற்றிப் போய் உட்கார்ந்து அதையும் பார்த்தாள். பூட்டு ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. ஆறு தடவை முடிந்த பிறகு அவள் கண்கட்டை அவிழ்த்தாள்.

"அப்பா, ஆறு தடவையும் நல்லாத்தான் கழண்டுச்சு."

"தெரியும்மா," என்றார் அவர். எழுந்திருக்கவில்லை.

அவள் கையுறையைக் கழற்றித் தரையில் வைத்தாள். வாரை எடுத்து அவர் பெல்ட்டில் இன்னொரு தடவை மாட்டிவிட்டு, வெறும் கையை அவர் தோளில் வைத்தாள்.