ராசாத்தியின் நீல இறக்கை

ராசாத்தி கிணற்றில் விழுந்து இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அவளுக்கு ஆறு வயது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம். ராசிபுரத்தில் நூலுக்குச் சாயம் போடுகிறவன் நான். மூன்றாம் நாளே பட்டறைக்குப் போய்விட்டேன். தொட்டியில் எந்த நிறம் கொதிக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கை தன்பாட்டில் கிளறிக்கொண்டிருந்தது. அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வெட்கமும் இல்லை.

என் மனைவி சௌந்திரமும் அழவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவாள், அவ்வளவுதான். ராசாத்தி தீப்பெட்டிக்குள் வைத்திருந்த ஒரு பட்டாம்பூச்சி இறக்கையை மட்டும் நாள் முழுக்க எடுத்து எடுத்துப் பார்ப்பாள். நீல இறக்கை, ஓரத்தில் கண் மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை போனால் தெரியும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

அவள் தொடும்போதெல்லாம் இறக்கையிலிருந்து பொடி உதிர்ந்து விரலில் ஒட்டியது. கையில் ஒட்டுகிற சாயம் நிற்காது என்பது எனக்குத் தெரியும். இன்னும் பத்து நாளில் அவளுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அதை உதிராத, வெளுக்காத கெட்டிச் சாயமாக்கிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த இருபது நாளில் நானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து இறக்கையைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். நூலில் சாயம் பிடிக்க நாங்கள் போடுகிற படிகாரத் தண்ணீர் அதில் ஒட்டவே இல்லை, உருண்டு ஓடியது. சாயப்பொடி குழைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டைக் கிண்ணத்தில் ஊற்றி அதில் முக்கினேன்.

முக்கியதுதான் தாமதம், நீலம் போய்விட்டது. இறக்கை புகையிலைத் துண்டு மாதிரி கிடந்தது. இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது? கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சாயம் விட்டிருந்தால் ஸ்பிரிட் நீலமாகியிருக்க வேண்டும். அது தெளிவாகவே இருந்தது. இருபது வருஷம் சாயம் போட்டவனுக்கு அது புரியவில்லை.

நிமிர்ந்தால் சௌந்திரம் வாசலில் நிற்கிறாள்.

"என்னுங்க பண்ணுனீங்க?"

"சாயத்தைக் கெட்டியாக்கிக் குடுக்கலாம்னு பாத்தேன். கெடுத்துப்போட்டேன்."

அவள் திட்டவில்லை. இறக்கையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் நீலம் தெரிந்தது. காயக் காய முழு இறக்கையும் பழையபடி ஆனது.

அந்த நீலத்தில் சாயமே கிடையாது என்று வெகுநாள் கழித்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். மெல்லிய செதில்களில் வெளிச்சம் பட்டு நீலமாகத் திரும்புகிறதாம். ஸ்பிரிட்டில் ஊறினால் மறையும், காய்ந்தால் வரும். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. போன நிறம் திரும்பி வந்ததைப் பார்த்தோம்.

சௌந்திரம் இறக்கையை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"நம்ம புள்ளையையும் கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சிருக்கலாமுங்க," என்றாள்.

கிணற்றிலிருந்து எடுத்த அன்றே, பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட வேண்டும் என்று எல்லோரையும் விரட்டியவன் நான்தான். தோளில் தூக்கிப் போனபோது ராசாத்தியின் தலைமுடி காயக்கூட இல்லை.

"நாந்தான் அவசரப்பட்டுட்டேன், சௌந்திரம்."

"ஆமாங்க," என்றாள்.