மூன்றாம் நம்பர்

வாசலில் நின்று கணவனின் நீலச் சட்டையை ஆற்றுப் பக்கமாக வீசி, "டிங்ஷான், வீட்டுக்கு வா" என்று ஏழாவது முறையாகக் கூப்பிட்டாள் லியூமெய். கட்டிலருகே இருந்த நாத்தனார் சுன்யா, வழக்கப்படி உள்ளிருந்து "வந்துட்டான்" என்று பதில் சொன்னாள். கட்டிலில் கிடந்தவனிடம் அசைவே இல்லை.

காய்ச்சலில் வழிதவறிய உயிரை அந்தி சாய்வதற்குள் பெயர் சொல்லி அழைத்தாக வேண்டும். சீனத்து ஹான்கோ நகரம் முழுக்க ஆற்றுப்பனி. எதிர்வீடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. வெள்ளைக்காரக் கப்பல் ஒன்று எங்கோ ஊதியது. எட்டு நாள் தூக்கமில்லாதவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. உயிரை அழைக்கக் கையில் ஏந்திய அரிசிக் கிண்ணத்தோடு தானும் மிதப்பதுபோல் இருந்தது. அவன் பிழைப்பான் என்ற நம்பிக்கை போய்விட்டது. வேலை பார்த்த அந்நியர் வீட்டு வாசலில் காத்து நின்றபடியே அவன் உயிர் போய்விடக் கூடாது, அவள் கவலை அது ஒன்றுதான்.

சீமைத்துணி வந்து ஊரில் தறிகள் படுத்துவிட்ட வருஷம், டிங்ஷான் ஆங்கிலேயத் தேயிலை வியாபாரி வீட்டில் மேசைப் பணியாளாகச் சேர்ந்தான். அவன் பெயர் துரையின் வாயில் நுழையவில்லை. மூன்றாவது வேலையாள் என்பதால் 'நம்பர் த்ரீ' என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று துரைகள் மாறினார்கள், அந்தப் பெயர் மட்டும் மாறவில்லை. வீட்டுக்கு வருவது மாதத்தில் ஒரு நாள். பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லலாமா? இன்றுதான் அவளும் முதன்முதலாகச் சொல்கிறாள்.

"அண்ணி, அந்தப் பேரச் சொல்லிப் பாருங்களேன்" என்றாள் சுன்யா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நாயக் கூப்பிடற மாதிரியா?"

"அண்ணன் காது அதுக்குத்தானே பழகிப்போச்சு."

லியூமெய் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். பிறகு குனிந்து, "நம்பர் த்ரீ" என்றாள்.

கண் திறந்தது. முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான். "இதோ வந்துட்டேன், துரை."

நான் லியூமெய் என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் அவன் எழ முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். லீவு நாட்களில் துரையின் தப்பும் தவறுமான கொச்சைப் பேச்சைப் பேசிக்காட்டி அவளைச் சிரிக்கவைப்பான். அந்தக் குரலை அவள் கடன் வாங்கிக்கொண்டாள்.

"நம்பர் த்ரீ, வேலை முடிஞ்சான். நீ வீடு போ."

"பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்கே, துரை."

"கிடக்கட்டான். நீ போ."

அவன் முகம் தளர்ந்தது. கைகள் மெல்ல இடுப்புக்குப் பின்னால் போய், அங்கே இல்லாத வேலை மேலங்கியின் நாடாவை அவிழ்க்கத் தேடின. விரலுக்கு எட்டட்டும் என்று லியூமெய் அவனைச் சற்று ஒருக்களித்துப் பிடித்தாள். விரல்கள் முடிச்சை நெருடின, இழுத்தன, மூச்சோடு சேர்ந்து ஓய்ந்தன. அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.