வண்டி திருப்பும் இடம்

"செருப்பு எங்கே?" என்று அவள் மறுபடியும் கேட்டாள்.

ஆஸ்பத்திரி வண்டியில் வந்தவர்கள் பஸ் டிரைவரான அவள் கணவரின் உடலைக் கூடத்தில் கிடத்திவிட்டுப் போயிருந்தார்கள். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, போன் எல்லாம் ஒரு பையில் பத்திரமாக வந்திருந்தன. செருப்பு மட்டும் வரவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்களை அவள் இழுத்து மூடினாள்.

"அம்மா, இப்ப செருப்பு ரொம்ப முக்கியமா?" என்றாள் மகள். அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

முக்கியம்தான். பெரிய துணிக்கடை ஒன்றின் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் பைகளைத் திறந்து பார்ப்பது அவள் உத்தியோகம். அந்த உத்தியோகம் கடையோடு நிற்காமல் அவள் கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். சொந்தத் தங்கை தந்த புடவையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள். கணவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட 'சோதனைக்காரி' என்று கூப்பிட்டதுதான் அதிகம். வெறுங்காலோடு வந்து சேர்ந்த மனிதர் செருப்பை எங்கேயோ கழற்றிப் போட்டிருக்கிறார். அது யார் வீட்டு வாசல் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்று அவருக்கு வார விடுமுறை. ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பினார். யூனிபாரம் போடவில்லை, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். "டிப்போவுல மாத்திக்கறேன்" என்றார். மதியம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரல் அவருடைய போனிலிருந்தே கூப்பிட்டது. "வீட்ல உக்காந்திருந்தவர் அப்படியே சாஞ்சுட்டாரும்மா" என்றது. எந்த வீடு என்று கேட்பதற்குள் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் பக்கம் என்றால் எல்லோருக்கும் புரியும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பது பெரிய பட்டணம்: புகை, கூச்சல், லிப்ட் இல்லாத நான்கு மாடிக் கட்டடங்கள். அந்தப் பக்கம் இருப்பது பணக்கார ஊர். அகலமான நடைபாதை, வரிசையாக மரம், நாய்களுக்குக்கூட நடந்துபோகத் தனி இடம். மகள் கல்யாணமாகி அங்கேதான் இருக்கிறாள். மகளுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு பிடித்துப் போய்விடலாம், முழங்காலுக்குப் படி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் ஒரு வருஷமாகக் கரடியாகக் கத்திப் பார்த்துவிட்டாள். டிரைவர் அசைந்துகொடுக்கவில்லை.

"அது எனக்கு வண்டி திருப்பற இடம். வண்டி திருப்பற இடத்துல யாராவது குடியிருப்பாங்களா?" என்பார்.

அவர் ஓட்டிய பஸ் இந்தப் பக்கத்து மார்க்கெட்டில் கிளம்பி, பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கடைசி நிறுத்தத்தில் திரும்பும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மூத்த டிரைவர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததை அவர் கடைசிவரை விடவில்லை: முதலில் வண்டியைத் திருப்பி மூக்கை ஊர்ப்பக்கம் வைக்க வேண்டும், அப்புறம்தான் டீ. வண்டியில் பழகினது காலிலும் ஒட்டிக்கொண்டது. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் குனிந்து, நுனி வெளியே பார்க்கிற மாதிரி திருப்பி வைப்பார். கூடவே அவளுடைய செருப்பையும் திருப்பிவிடுவார். மகள் புதுவீட்டுக்குப் போன அன்றும் அப்படித்தான் செய்தார். "வரும்போதே கிளம்பறதுக்குத் தயாரா வர்றாரு அப்பா" என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வாசலில் ஏதோ இடிபடும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுத் தையல்காரி பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்துகொண்டிருந்தாள்.

கூடத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று மாதக்கணக்காகிறது. எல்லாம் நாற்காலிச் சண்டை. மாடிப்படித் திருப்பத்தில் சாத்தி வைத்திருந்த இரண்டு மடக்கு நாற்காலிகளில் முதலில் ஒன்று காணாமல் போனது. கொஞ்ச நாள் கழித்து மற்றதும் போய்விட்டது. வேறு யார் எடுப்பார்கள்? தையல்காரியின் கடைக்கு வருகிறவர்கள்தான் உட்கார இடமில்லாமல் நிற்கிறார்கள். இவள் நேரே கீழே போய், துணி வெட்டிக்கொண்டிருந்தவளிடம், எல்லோர் முன்னாலும், "என் நாற்காலி எங்க?" என்று கேட்டுவிட்டாள். தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உள்ளறைக் கதவைத் திறந்து விட்டாள். "உள்ள வந்து தேடிக்கோங்க" என்றாள். இவளும் சளைக்காமல் உள்ளே போய்த் தேடினாள். டிரைவர் படியிலேயே நின்று பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார். "விடு, பழைய நாற்காலிதானே" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

இப்போது தையல்காரி நாற்காலிகளைச் சுவரோரம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். டிரைவரின் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனாள்.

நல்ல மனசா, இல்லை குத்திக்காட்டுகிறாளா என்று அவளுக்குப் புரியவில்லை.

அவரோடு பல வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர் அந்த நாற்காலிகளில் ஒன்றின் நுனியில் உட்கார்ந்தார். அவள் விடவில்லை.

"இன்னைக்கு இவருக்கு ஓவர்டைமா?"

கண்டக்டர் சுவரைப் பார்த்தார். "ஓவர்டைமை நிறுத்தி ரொம்ப நாளாச்சு அண்ணி."

"அப்ப லீவு நாள்ல எங்க போனாரு?"

"நம்ம வண்டியிலதான் வருவாரு. கடைசி ஸ்டாப்புல இறங்குவாரு. எங்கண்ணேன்னு கேட்டா, 'சும்மா'ம்பாரு. நானும் கேக்கறத விட்டுட்டேன்." அவர் குரல் தாழ்ந்தது. "அண்ணன் தப்பான ஆள் இல்ல அண்ணி."

தப்பான ஆள் என்று இங்கே யார் சொன்னது? கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவனின் பையைத்தான் அவள் முதலில் திறப்பது வழக்கம். முப்பது வருஷமாக நம்பியது இஸ்திரி போட்ட ஒரு சட்டையில் வந்து நிற்கிறதே என்று நினைத்தபோது அழுகை வந்தது. சாவுக்காக அழுகிறாள் என்று நினைத்து யாரோ தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

முன்பின் தெரியாத ஒரு பெண் வந்தது அப்போதுதான். நாற்பது வயதிருக்கும். வழித்து வாரிய தலை, நல்ல கைப்பை. கையில் ஒரு சாவிக்கொத்து. அது சத்தம் போடாதபடி இறுக்கிப் பிடித்திருந்தாள். யாரோடும் பேசாமல் சுவரோரம் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள். மறுபடியும் கழற்றித் துடைத்தாள்.

"இது யாரு?" என்று இவள் மகளின் காதில் கேட்டாள்.

"தெரியலையேம்மா. உன் கடை ஆளோன்னு நினைச்சேன்."

அவள் எழுந்தாள். முழங்கால் சொடக்கிட்டது. நேரே அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க யாரு?"

"நான்தாம்மா போன் பண்ணேன்."

"உங்க வீட்லயா இருந்தாரு?"

"என் வீடு இல்லம்மா. சாவி என்கிட்ட இருக்கும்." அந்தப் பெண் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "இங்க வேண்டாமேம்மா. அவரோட சாமான் கொஞ்சம் அங்க இருக்கு. எல்லாம் முடிஞ்சதும் நீங்க வந்து பாருங்க. நீங்களே வந்தா நல்லது."

சாமான் என்ற சொல் அவள் காதில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஒருவர் சாமான் வைக்கிற இடத்துக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாதா? அதற்குமேல் கேட்க நேரமில்லை. எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். நான்கு மாடியும் அவரைச் சாய்த்துப் பிடித்து இறக்கினார்கள். இந்தப் படி வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

மறுநாள் மகள் மெல்ல ஆரம்பித்தாள். "இனிமே நீ இங்க தனியா எதுக்கும்மா? அப்பாதான் பிடிவாதமா இருந்தாரு. நீ ஆசைப்பட்டபடி அந்தப் பக்கம் வந்துடு."

அந்தப் பக்கத்தில் தனக்கு முன்னாலேயே யாரோ இருக்கிறார்கள் என்று அவள் நெஞ்சு அடித்துச் சொன்னது. அது யார் என்று தெரியாமல் அந்த மண்ணில் எப்படிக் கால் வைப்பது? மகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனியாகப் பஸ் ஏறினாள். அதே பஸ்தான், ஓட்டியது வேறு ஆள்.

போனில் பேசிவைத்தபடி, கடைசி நிறுத்தத்தில் அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னே நடக்க, இவள் இரண்டடி பின்னாலேயே போனாள். பின்னால் போனால்தான் ஆளைப் பார்க்க முடியும். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு சலவைக்கடை, அதன் மேல் மூன்று மாடி. லிப்ட் சத்தமே இல்லாமல் ஏறியது.

"நான் வீட்டுத் தரகர்ம்மா" என்றாள் அந்தப் பெண், லிப்டுக்குள். "இந்த வீடு காலியாதான் இருக்கு. அவர் வாடகைக்குக் கேட்டு வந்தாரு."

"அவரா? வாடகைக்கா?" நல்ல கதை என்று நினைத்தாள். "அந்தப் பக்கம்னாலே அவருக்கு ஆகாது."

"அதத்தாம்மா அவரும் சொன்னாரு. 'எனக்குப் பிடிக்கல, வீட்ல ஆசைப்படறா, பழகிப் பாக்கறேன்'னாரு. லீவு நாள்ல வந்து சாவி வாங்கிக்குவாரு. ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்துட்டுத் திருப்பிக் குடுத்துருவாரு."

"யாரோ ஒருத்தர் கேட்டா சாவியத் தூக்கிக் குடுத்துருவீங்களா?"

"முதல்ல ரெண்டு தடவை கூடவே நின்னேன். அப்புறம் பாத்தா ஜன்னலெல்லாம் துடைச்சு வச்சிருக்காரு. ஒழுகற குழாயைச் சரி பண்ணியிருக்காரு. பூட்டியே கிடக்கற வீட்டுக்குக் காத்தாட ஒரு ஆள் கிடைச்சாப்பலன்னு விட்டுட்டேன்." அவள் சாவியைப் பூட்டில் போட்டாள். "அன்னைக்குச் சாவி வாங்கும்போது, 'இன்னைக்கு முடிவு சொல்லிடறேன்'னாரு. நேரமாகியும் வரலையேன்னு வந்து பாத்தேன்."

"என்ன முடிவு?"

"அதுக்குள்ளதாம்மா..."

கதவு திறந்தது. உள்ளே, சுவரோரமாக, அவருடைய செருப்பு இருந்தது.

அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். தேய்ந்த குதிகால் இரண்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. நுனி இரண்டும் வீட்டுக்குள்ளே பார்த்திருந்தன.

"இத யாராவது நகர்த்தினீங்களா?"

"இல்லையேம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆஸ்பத்திரி ஆளுங்க, கூட்டம்..."

"எல்லாரும் இந்தப் பக்கமாத்தான் போனாங்க. அது ஓரமா இருந்துச்சு. எனக்குத் தொட மனசு வரலம்மா, அப்படியே விட்டுட்டேன்."

அவள் குனிந்து பார்த்தாள். செருப்பு தாறுமாறாக இல்லை, ஒன்றோடொன்று ஒட்டி ஒழுங்காக இருந்தது. யார் காலும் இடித்திருக்கவில்லை. சோதனைக்காரியின் கண் எவ்வளவு தேடியும் அதில் ஒரு குறை கிடைக்கவில்லை. தன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

வெறும் வீடு. சமையலறை ஜன்னலோரம் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. கைப்பிடியில் சுற்றியிருந்த நீல டேப்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளே சுற்றியது. ஜன்னல் வழியாகக் கீழே பஸ் நிறுத்தம் தெரிந்தது. ஒரு பஸ் மெதுவாக வட்டம் போட்டுத் திரும்பி, மூக்கைப் பாலத்துப் பக்கம் வைத்து நின்றது.

"இதுலதான் இருந்தாரா?"

தரகர் தலையசைத்தாள்.

இன்னொரு நாற்காலி பால்கனியில் இருந்தது. அது மரங்களைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. முன்னால் ஒரு காலி மரப்பெட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் நான்காக மடித்த பழைய துண்டு. முழங்காலை நீட்டி வைத்துக்கொள்ளத்தான். கடையிலிருந்து வந்ததும் அவள் தினமும் காலை அப்படித்தான் நீட்டிக்கொள்வாள்.

"அது எதுக்குன்னு ஒரு நாள் கேட்டேன்" என்றாள் தரகர். "'சோதனைக்காரி வந்தா உக்கார'ன்னாரு. யாரோ அதிகாரி போலன்னு நினைச்சேன்."

அவள் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தாள். அது வழக்கம்போல ஒரு பக்கம் ஆடியது. காலை நீட்டிப் பெட்டிமேல் வைத்தாள். உயரம் சரியாக இருந்தது. தையல்காரியிடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று யோசித்தாள். எதிரே மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. பின்னால், சமையலறை ஜன்னல் வழியாக, பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. தரகர் உள்ளே ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டு, அவளைத் தொந்தரவு செய்யாமல் நின்றாள்.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள்: "நாற்காலிய எடுத்துட்டுப் போக ஆள் வரச் சொல்லட்டாம்மா?"

"இருக்கட்டும்" என்றாள். பிறகு, "அடுத்த வாரம் எனக்கு லீவு உண்டு. சாவி தருவீங்களா?"

"வாங்கம்மா."

அவள் வாசலுக்கு வந்தாள். அவருடைய செருப்பை எடுக்கவில்லை. தன்னுடையதில் காலை நுழைத்தாள், நுழையவில்லை. குனிந்து பார்த்தாள். கழற்றியபடியே, உள்பக்கம் பார்த்துக் கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, கட்டைவிரலால் அதைத் திருப்பப் பார்த்தாள். வரவில்லை.

"இருங்கம்மா, நான் திருப்பறேன்" என்று தரகர் குனிந்தாள்.

"வேண்டாம். நானே பாத்துக்கறேன்" என்றாள் அவள்.