பால் குடிச்ச கன்னம்

கலக்கி வைத்த பால்புட்டியைச் சின்ன மருமகளின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள் மாமியார். மடியில் கிடந்த பச்சைக்குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டி, இப்போது வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. காலையில் கட்டிய துணி இன்னும் நனையவே இல்லை. தாய்ப்பால் போதவில்லை, புட்டிப்பாலும் கொடுங்கள் என்று நர்ஸ் சொன்னதை அவள் மென்று விழுங்கிச் சொல்லிப் பார்த்தாள்.

"நர்ஸா பெத்தா? பெத்தவளுக்குப் பாசம் இருந்தா பால் தன்னால ஊறும். உனக்கு நெஞ்சே வறண்டு கெடக்கு."

அழகு கெட்டுவிடும் என்று பயப்படுகிற காலமாச்சே என்று நாத்தனார் தன் பங்குக்கு ஒரு குத்து குத்தினாள். குழந்தையைப் பெற்ற புண்ணியவான் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

மாமியார் மூத்த மருமகளின் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இதப் பாரு, பால் குடிச்ச கன்னம். உன் அக்காவும் வேலைக்குப் போறவதான். ஆனா தாய்னா அவ தாய்."

வாசற்படியில் நின்ற மூத்தவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பால் வரவில்லை. அன்றைக்கு அவளும் இதே ஏச்சு வாங்கினாள், அழுதும் பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பால்பவுடர் டப்பாவை அழுக்குத்துணிக் கூடைக்கு அடியில் ஒளித்தாள். அந்தக் கூடையை அவளைத் தவிர அந்த வீட்டில் யார் தொட்டார்கள்! வெந்நீரும் குழந்தையுமாகக் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கலக்கிக் கொடுத்தாள். ஒரு குழந்தைக்கு நாளெல்லாம் குளியலா என்று கேட்பாரில்லை. சுத்தக்காரி என்று பேர் வந்ததுதான் மிச்சம். பிள்ளை தேறியது. தாய்ப்பால் மகிமை என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். சொல்லிக்கொள்ளட்டும், பிள்ளை பிழைத்தால் போதும் என்று மூத்தவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பாழாய்ப்போன மௌனம் இன்றைக்கு இன்னொருத்தி பிள்ளையின் வாயைக் கட்டியிருக்கிறது.

அவள் உள்ளே வந்தாள். மாமியாரின் கையிலிருந்த புட்டியை எடுத்து, ஓரகத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் வாயில் வைத்தாள். அது முதலில் திணறியது, பிறகு கப்பென்று பிடித்துக்கொண்டது.

"உங்க இடுப்புல இருக்கிற இவளும் டப்பாப் பால்ல வளந்தவதான் அத்தை. எனக்கு ஒரு சொட்டுகூட வரல. டப்பா இன்னும் குளியலறைல துணிக் கூடைக்கு அடியில இருக்கு. போய்ப் பாத்துக்கோங்க."

மாமியார் போய்ப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த பேத்தியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தரையில் இறக்கிவிட்டாள்.

"அதானே பாத்தேன். புள்ள இப்படி ஊதிப்போய்க் கெடக்கும்போதே எனக்குச் சந்தேகம்தான்."

ஒன்றும் புரியாத குழந்தை, மறுபடி தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் பாட்டியிடம் நீட்டியது. மாமியார் குனியவில்லை.